தேன் பெட்டி கற்பிக்கும் பாடம்



அறுப்பின் பண்டிகை நாளில் கிண்டி, சைதாப்பேட்டைப் பக்கத்துச் சபைகளில் பூசணியும் வாழைத்தாரும் குவிவதையும், ஆராதனைக்குப் பின் அவை ஏலம் போவதையும் நாம் பார்க்கிறோம். நம்மில் அநேகருக்கு வயல் இல்லை. கடையில் வாங்கியே படைக்கிறோம். அவற்றை விளைவித்த சிறு விவசாயிக்கு நமது காணிக்கை எவ்விதம் உதவக்கூடும்? நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு முயற்சியைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறோம்.

குமரி மாவட்டம் நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவ ஊழியம் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்குபெற்ற டாக்டர் சாமர்வெல் அங்கே பல ஆண்டுகள் பணிபுரிந்தார். ஆனால் நோய் நீங்கி வீடு திரும்புகிறவருக்கு அரை வயிற்றுக் கஞ்சிதான் என்றால், அவர் மறுபடியும் நோயாளியாகவே வருவார். இந்தக் குறையைத் தீர்க்கும் வேலை 1920களில் அருகிலுள்ள மார்த்தாண்டத்தில் நடந்தது.

கிராமங்களில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியம் செய்யவேண்டும் என்று வலியுறுத்தியவர், சேலத்தில் பிறந்த கே. டி. பால். அவ்வழியில் மார்த்தாண்டத்தில் எழுந்த கிராம சேவை மையத்தை அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் நடத்தினார். இலவசமாகக் கொடுப்பதில்லை, கூட இருந்து கற்றுக்கொடுப்பது என்பதே அவரது முறை. கோழி வளர்ப்பு, முட்டை விற்பனைக் கூட்டுறவு, தேனீ வளர்ப்பு ஆகியவை அங்கே பரவின.

சில சென்ட் நிலமே உள்ளவருக்குத் தேனீ ஏற்ற தொழில். முன்பு மரப்பொந்திலிருந்து அடையைப் பிய்த்துப் பிழிவார்கள். புழுவும் நசுங்கும், கூடும் அழியும். திருச்சியில் பணிபுரிந்த பாதிரியார் நியூட்டன் 1910களில் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறு மரப்பெட்டியை அமைத்தார். அதில் கீழறை புழுக்களுக்கு, மேலறை தேனுக்கு. மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றித் தேனை எடுத்தபின், அடையைத் திரும்ப வைத்துவிடலாம். ரப்பர் மரம் துளிர்விடும் மாதங்களில் தேன் மிகுதியாய்க் கிடைக்கும்.

இத்தொழிலுக்குப் பெரிய சோதனையும் வந்தது. 1991-92-இல் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. வெறும் பெட்டிகளே மிஞ்சின. நோயைத் தாங்கிய கூட்டங்களிலிருந்து மறுபடி பெருக்கித்தான் தொழில் மீண்டது. கூட்டத்தைப் பிரிக்கவும் ராணியைப் பேணவும் கற்றிருந்தால்தானே அது முடியும்? மார்த்தாண்டம் தேன் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

அன்பானவர்களே, பெட்டி வாங்கிக் கொடுப்பது எளிது. அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவதும் எளிது. பயிற்சியும், மாதந்தோறும் போய்ப் பார்ப்பதும், நியாயவிலைக்கு விற்கச் சங்கம் அமைப்பதுமே கடினம். இவற்றுக்கு ஆகும் செலவு படத்தில் தெரியாது. ஆகையால் எந்த விவசாயத் திட்டத்துக்குக் கொடுத்தாலும், "எத்தனை பெட்டி கொடுத்தீர்கள்?" என்பதோடு நிறுத்தாதிருங்கள். "மூன்றாம் ஆண்டில் எத்தனை பெட்டிகளில் தேனீ இருக்கிறது?" என்றும் கேளுங்கள். எங்களையும் அப்படியே கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

மழையையும் பூவையும் நம்பி வாழும் குடும்பங்களை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.