சுவேத நதிக்கரையின் சிவப்பும் மஞ்சளும்

ஆத்தூரிலிருந்து கெங்கவல்லிப் பக்கம் கோடையில் போய்வந்தவர்களுக்கு அந்த வெண்மை பழக்கமானது. சேகோ பேக்டரிகளின் சிமெண்டுக் களங்களில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருக்கும். உச்சி வெயிலில் அதை ஏறிட்டுப் பார்க்க முடியாது, கண் கூசும். ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரும் சுவேத நதி. சுவேதம் என்றால் வெண்மை. கீழே போய் வசிஷ்ட நதியோடு கலந்ததும் அதன் பெயர் வெள்ளாறு.

களத்து வெண்மை சும்மா வந்துவிடுவதில்லை. குச்சிக்கிழங்கின் தோலைச் சீவி, அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை மட்டும் எடுக்கிறார்கள். அதைக் குலுக்கி உருட்டி, வறுத்து, வெயிலில் காயப்போட்டால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடல்தாண்டி வந்த ஜவ்வரிசி நின்றுபோனபோது சேலத்தில் வேர்விட்ட தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். அதில் எனக்கும் பெருமைதான். ஆனாலும் அந்தக் களத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். ஒரு உணவை இவ்வளவு வெள்ளையாக்கும் வழியில் எதையெல்லாம் கழித்துவிடுகிறோம்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் பள்ளி மைதானங்களில் ஓடும் பிள்ளைகளைப் பாருங்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ஓடிவிட்டு உட்கார்ந்ததும் அவர்கள் பேசுவது டப்பாவில் வரும் பவுடரைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும். அந்த டப்பாவின் விலையில் ஒரு வீட்டுக்கு மாதக் காய்கறி வாங்கலாம். சந்தையில் கூறுகட்டி வைத்திருக்கும் சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் என்ன வேலை செய்கின்றன என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

செடிக்கு நிறம் எதற்கு? பூச்சியையும் பறவையையும் கூப்பிட என்று பள்ளியில் படித்தோம். அது பாதிதான். நகர முடியாத உயிர் செடி. நண்பகல் வெயில் இலையில் அடிக்கும்போது, ஒளிச்சேர்க்கைக்குத் தேவையானதைவிட அதிக ஒளி உள்ளே வந்துவிடுகிறது. அந்த மிச்ச ஆற்றல் ஆக்சிஜனை வெறிகொண்ட ஒன்றாக மாற்றி, செல்லைத் தாக்கவிடும். அதைத் தடுக்கச் செடி தானே தயாரித்து வைத்திருக்கும் கவசங்களில் முக்கியமானவை இந்த நிறமிகள். மஞ்சளும் ஆரஞ்சுமான கரோட்டினாய்டுகள் எல்லாப் பச்சை இலையிலும் உண்டு. பச்சையம் மேலே மூடியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. அதனால்தான் முருங்கைக்கீரை பச்சையாக இருந்தும் கேரட்டின் சத்தைத் தருகிறது. கேரட்டிலிருந்து 1831-இல் ஜெர்மானிய வேதியியலாளர் வாக்கன்ரோடர் பிரித்தெடுத்ததால் அந்த நிறமிக்குக் கரோட்டின் என்று பெயர் வந்தது. முருங்கை வளரும் ஊரில் பிரித்திருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

நாவல்பழம் தின்ற நாக்கின் ஊதா, கத்தரித்தோலின் கருநீலம், கருப்புக் கவுனி அரிசியின் கறுப்பு, சின்ன வெங்காயத்தின் செம்மை எல்லாம் ஆந்தோசயனின் என்ற இன்னொரு குடும்பம். இது தண்ணீரில் கரையும். புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் அதற்கு நேர் எதிர், சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும். ஆலத்தி கரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும் வேதியியல் அது.

ஓடுகிற பிள்ளைகளுக்கு இவற்றுள் நான் முதலில் காட்ட நினைப்பது பீட்ரூட்டை. அதன் சிவப்பு பீட்டாலெயின் என்ற தனிச் சாதி. சிவப்புத் தண்டுக்கீரையிலும் சப்பாத்திக்கள்ளிப் பழத்திலும் காகிதப்பூவிலும் இருப்பது அதுதான். பீட்டாலெயின் இருக்கும் செடியில் ஆந்தோசயனின் இருக்காது. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இதுவரை அகப்பட்டதில்லை. ஆனால் ஓட்டத்துக்கு உதவும் பொருள் அந்தச் சிவப்புக்குள் இல்லை. அதே கிழங்கில் நிறமே இல்லாமல் கரைந்திருக்கும் நைட்ரேட்தான் அந்த வேலையைச் செய்கிறது.

அது போகும் வழி விந்தையானது. விழுங்கிய நைட்ரேட்டில் ஒரு பங்கு இரத்தத்திலிருந்து எச்சில் சுரப்பிக்குத் திரும்பி வந்து வாயில் ஊறுகிறது. நாக்கின் பின்புறம் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. அதை மறுபடி விழுங்கினால் உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கும் வாயு அது. அந்த உண்மையைக் கண்டதற்காக 1998-இல் மூன்று அமெரிக்கர்கள் நோபல் பரிசு பெற்றார்கள். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 2009-இல் எட்டு ஆண்களுக்கு ஆறு நாள், நாளுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்துச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அதே வேகத்துக்குக் குறைந்த ஆக்சிஜனே தேவைப்பட்டது. களைத்து நிறுத்தும்வரை தாக்குப்பிடித்த நேரம் 16 சதவீதம் கூடியது. ஓட்ட நேரம் அதே அளவு குறையும் என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சியின் உச்சத்தில் இருக்கும் பெரிய வீரர்களுக்குப் பலன் குறைவு என்றும் பின்னால் தெரிந்தது. சில நிமிடம் மூச்சு முட்ட ஓட வேண்டிய சாதாரண உடலுக்குத்தான் இது உதவும். நம் மைதானத்துப் பிள்ளைகளின் உடல் அதுதானே!

கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு வாய் கொப்பளிப்பவர்களுக்கு இந்தப் பலன் கிட்டாது. நாக்கில் இருக்கும் கூலியாட்களை விரட்டிவிட்டால் வேலையை யார் செய்வது? பீட்ரூட் கிடைக்காத நாளில் சிறுகீரையும் தண்டுக்கீரையும் போதும், அவற்றிலும் நைட்ரேட் தாராளம். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதுவும் சேர்ந்தே சாக்கடைக்குப் போய்விடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் பீட்ரூட்டிலும் இந்தக் கீரைகளிலும் அளவாக இருக்க வேண்டும், ஆக்சலேட் அதிகம்.

ஓடிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறதே, அதற்கு நிறம் என்ன செய்யும்? முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அந்த வலிக்கு லாக்டிக் அமிலம் காரணமில்லை, அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து போய்விடும். பழகாத வேலையில், அதிலும் இறக்கத்தில் ஓடும்போது, தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அவற்றைச் செப்பனிட உடல் ஆட்களை அனுப்பும்போது வீக்கமும் வலியும் வருகின்றன. ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை அது இருக்கும். லண்டன் மாரத்தானில் ஓடிய 20 பேரை வைத்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், புளிப்புச் செர்ரிச் சாறு குடித்தவர்களுக்குத் தசை வலு சீக்கிரம் திரும்பியது. செர்ரியின் சிவப்பும் நம் நாவலின் ஊதாவும் ஒரே ஆந்தோசயனின் குடும்பம். சோதித்தது செர்ரியை என்பதால் அந்தப் புகழை அப்படியே நாவலுக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஆடி மாதத்தில் நாவல்பழம் தின்ன யாருக்கும் ஆய்வுச் சான்று தேவையில்லை.

அப்படியானால் அந்தப் பொருளை மட்டும் பிரித்து மாத்திரையாக விழுங்கினால் என்ன என்று தோன்றும். இங்கேதான் பவுடர் டப்பாவை நம்பும் பிள்ளைகள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். ஜெர்மனியில் 2009-இல் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ மாத்திரை. உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குமே, அந்த நன்மை மாத்திரை விழுங்கியவர்களுக்குக் கிடைக்கவேயில்லை. உழைக்கும் தசையில் உண்டாகும் சிறு உரசல்தான் உடலைப் பழக்கும் ஆசிரியர். அளவுக்கு மீறிய மாத்திரை அந்த ஆசிரியரின் வாயைக் கட்டிவிட்டது. பின்லாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 1994-இல் வெளிவந்தது. கரோட்டின் மாத்திரை பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. கேரட்டும் கீரையும் தின்றவர்களிடம் கண்ட நன்மையை ஒற்றைப் பொருளில் தேடியதன் விலை அது. காயில் அந்த நிறமி சிறு அளவில், நாரோடும் நூறு கூட்டாளிகளோடும் வருகிறது.

கழித்துவிட்டுத் தேடும் இந்தக் கதை நம் மலையிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுதான் பின்னாளில் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அன்று அவர் தேடியது பெரிபெரி நோய்க்கான காரணத்தை. தீட்டிய வெள்ளரிசியையே நம்பி வாழ்ந்தவர்களின் நரம்பும் இதயமும் தளர்ந்த நோய் அது. தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விட்டதுதான் காரணம். நெல்லை அவித்துக் குத்திய ஊர்களில் நோய் குறைவு. அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மெக்கரிசன் நாட்டின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து எலிகளை வளர்த்தபோது, ரொட்டியும் பாலும் பருப்பும் பச்சைக் காய்கறியும் தின்ற எலிகள் தேறின. வெள்ளரிசியை மையமாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை நலிந்தன. நூறாண்டுக்கு முந்தைய அந்தச் செய்தியை இன்றும் நம் தட்டைப் பார்த்துச் சொல்லலாம். அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தட்டில் ஏறக்குறையப் பாதி காய், கனி, கீரை, கிழங்கு என்று இருக்கிறது. நாளுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். எத்தனை வீட்டில் இது நடக்கிறது?

குச்சிக்கிழங்கின் மேல் எனக்குக் கோபமில்லை. ஓடி முடித்த தசை இழந்த சர்க்கரையை நிரப்ப, தோல் நீக்கி நன்றாக வேகவைத்த கிழங்கு நல்ல உணவு. திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சதையே மஞ்சளான ஸ்ரீ விசாகம் என்ற ரகத்தைக் கூடத் தந்திருக்கிறது. கிழங்கு மட்டும் தனியே நின்றால்தான் குறை. பக்கத்தில் கொள்ளோ தட்டைப்பயறோ முட்டையோ, ஒரு கை கீரையோ சேர்ந்துவிட்டால், கிழிந்த இழையைத் தைக்கப் புரதமும் வந்துவிடும். தோலோடு தின்னும் நிலக்கடலையும் அந்தக் கணக்கில் சேரும்.

நம் சமையலில் ஏற்கெனவே பாதி விடை இருக்கிறது. கரோட்டினாய்டுகள் எண்ணெயில்தான் கரையும், ஆகவே கீரைக்குத் தாளிப்பு வீண் செலவல்ல. தக்காளியை எண்ணெயில் வதக்கிச் சட்னி ஆக்கும்போது அதன் சிவப்பான லைகோபீன் பச்சைத் தக்காளியைவிட எளிதில் உடலில் சேரும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான சோதனையில், குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது இரத்தத்தில் ஏறிய அளவு இருபது மடங்கு கூடியது. மிளகு ரசத்தில் மஞ்சள்தூள் போடும் கைக்கு அந்த எண் தெரியாது, பொருத்தம் தெரிந்திருக்கிறது. கத்தரிக்காயைத் தோல் சீவிச் சமைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைத்தான் நிறுத்தச் சொல்வேன்.

தேர்வு நாள் நெருங்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. பீட்ரூட் குடித்து இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் இரத்தத்தில் நைட்ரைட் உச்சத்துக்கு ஏறும். ஏழு மணிக்கு ஓட்டம் என்றால் நாலரை மணிக்கே சாறு வயிற்றுக்குள் இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் முதல்முறை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு வயிறு கலங்கும், முன்பே இரண்டு மூன்று பயிற்சி நாளில் குடித்துப் பாருங்கள். பத்தில் ஒருவருக்குச் சிறுநீர் சிவந்து வரும். பயந்து மைதானத்தை விட்டு ஓடிவிட வேண்டாம், அது பீட்ரூட்டின் சிவப்பு.