கோணல் கால் குட்டிகள்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகள் எல்லாமே நல்ல வாட்டசாட்டம். அவற்றைச் செதுக்கிய 16ஆம் நூற்றாண்டில் போர்க்குதிரைகள் கப்பலேறித்தான் வந்தன. காரணத்தை 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பாண்டிய நாட்டைப் பற்றிப் பேசும் மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். அங்கே குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லையாம், சோற்றை ஆக்கிப் போடுகிறார்களாம், உயர்ந்த குதிரைகளை இணை சேர்த்தாலும் கால் கோணிய சின்னக் குட்டிதான் பிறக்கிறதாம்.

கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் அந்தக் கோணல் காலைச் சிரித்துத் தள்ள முடியாது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். குதிரைக்கு வேண்டியதோ இதற்குத் தலைகீழ்: கால்சியம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். போதாததற்கு வைக்கோலில் உள்ள ஆக்சலேட், இருக்கிற கால்சியத்தையும் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். இரத்தத்தில் குறைவதை ஈடுகட்ட உடல் எலும்பைக் கரைக்கும். முகம் வீங்கும், நடை தடுமாறும். பசு வளர்த்த பழக்கத்தில் தவிடும் வைக்கோலுமாகக் குதிரைக்குட்டியை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பசும்புல், உலர்புல், அளவான கொள்ளு, மருத்துவர் சொல்லும் தாது உப்பு என்று போவதே நல்லது.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மட்டக்குதிரைகளும் விலைக்கு வரும். உலகில் இவற்றைவிடக் குள்ளமான வகைகளும் உண்டு. அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் பதிவேட்டில் 34 அங்குலத்துக்கு மேல் உயர்ந்ததற்கு இடமில்லை. அந்த வகையின் குட்டி பிறக்கும்போது பத்து கிலோ இருந்தாலே பெரிது.

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், தாய் மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடியைத் தள்ள வேண்டும். ஏதாவது ஒன்று தவறினாலும் மருத்துவரை அழைக்கத் தயங்கக் கூடாது. பசு ஈன்றால் சீம்பாலில் ஒரு பங்கு நம் அடுப்புக்கு வந்துவிடும்; குதிரையிடம் அந்த ஆசையே வேண்டாம். தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருப்பையில் குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்தபின் சீம்பால் வழியாக மட்டுமே வரும். அவற்றை உறிஞ்சும் குடலின் வாசலும் 24 மணி நேரத்துக்குள் மூடிவிடும். போதிய அளவு சேர்ந்ததா என்பதை மறுநாள் இரத்தப் பரிசோதனை சொல்லும். குறைந்திருந்தால் நரம்பு வழியே பிளாஸ்மா ஏற்றுவார்கள்.

தொப்புள் கொடியின் முனையை, நீர்த்த குளோர்ஹெக்சிடின் கரைசலில் நனைக்க வேண்டும். அடர்த்தியான அயோடின் தோலைப் புண்ணாக்கும். தொப்புள் வழியே புகும் கிருமி, சில நாளில் மூட்டு வீக்கமாகத் தலைகாட்டும். அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தால் குட்டி கையை விட்டுப் போய்விடும். முதல் மலம் ஒரு நாளுக்குள் வெளியேறியதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆண் குட்டிகளுக்கு அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

குள்ளக் குதிரைகளுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. தீனி எடுக்காமல் ஓரிரு நாள் நின்றால் உடற்கொழுப்பு கரைந்து இரத்தத்தில் வெள்ளமாய்ப் பாயும், ஈரல் கெடும். பால் குடிக்கும் குட்டிக்கோ சில மணி நேரப் பட்டினியிலேயே இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். "காலையில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு இந்தப் பிராணியிடம் செல்லாது. காஞ்சியிலிருந்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி சுமார் 75 கிலோமீட்டர். வழியைக் குட்டி பிறப்பதற்கு முன்பே யோசித்து வைக்கலாம்.

ரணஜன்னி குதிரையை எளிதில் கொல்லும். சினைக் குதிரைக்கு ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பே தடுப்பூசி போட்டால் சீம்பாலில் காப்பு சேரும். அப்படிப் பிறந்த குட்டிக்கு 4 முதல் 6 மாதத்தில் அதன் ஊசிகள் தொடங்கும். நம் ஊரில் வெறிநோய்த் தடுப்பூசியையும் விடக் கூடாது. குளம்பை இரண்டாம் மாதத்திலிருந்தே ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். சின்னக் கோணல்கள் எலும்பு முற்றுவதற்குள் நேராவது இப்படித்தான். தாடை சிறுத்த அளவுக்குப் பற்கள் சிறுக்காததால் வாயில் நெருக்கடி வரும், அதையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

குடற்புழு மருந்தில்தான் பலர் தவறுகிறார்கள். பெரிய குதிரைக்கான பேஸ்ட் குழல் ஒன்று 500, 600 கிலோ உடலுக்கு அளந்தது. கண் மதிப்பில் பிதுக்கக் கூடாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்து, அந்த எடையை மருத்துவரிடம் சொல்லி அளவு கேட்க வேண்டும்.