சாட்டர்னைச் சுருக்கினால் பறக்குமா?

மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உயரம் 110.6 மீட்டர். அமெரிக்காவின் எஸ்டெஸ் நிறுவனம் அதை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, அட்டைக் குழாயும் பிளாஸ்டிக்குமாகப் பெட்டியில் அடைத்து, 1969 முதல் பல பதிப்புகளாக விற்றுவருகிறது. ஒட்டி, வண்ணம் பூசி அலமாரியில் வைப்பவர் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அசலோடு பொருந்த வேண்டும் என்று மெனக்கெடலாம். பறக்கவிட நினைப்பவருக்கு அந்த வைராக்கியம் ஆகாது. அசலை எங்கே, எவ்வளவு மீறுவது என்ற கணக்கில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

காரணம் எளிது. அசல் சாட்டர்னின் அடியில் ஐந்து எஞ்சின்கள். சுற்றியிருந்த நான்கும் கணினியின் கட்டளைக்கேற்பச் சாய்ந்து திசையைக் காத்தன. கிட்டில் பொருத்தும் மோட்டாரோ கருமருந்து அடைத்த காகிதக் குழாய். பற்றவைத்தால் நேராகத் தள்ளும், சாயத் தெரியாது. ஆகவே திசை காக்கும் பொறுப்பு முழுவதும் காற்றின் தலையில் விழுகிறது. தீபாவளி ராக்கெட்டின் குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்தினால் அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாதல்லவா? குச்சி செய்யும் வேலையை இங்கே வால்துடுப்புகள் செய்கின்றன. ராக்கெட் சற்றே சாய்ந்ததும் காற்று பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளல் குவியும் அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால் மூக்கு தானாக நேராகும். முன்னால் இருந்தால் ராக்கெட் கரணம் அடிக்கும். ராக்கெட் உடலின் விட்டம் எவ்வளவோ அவ்வளவாவது இரு மையங்களுக்கும் இடைவெளி வேண்டும் என்பது நடைமுறை விதி. ஜெமினி விண்கலங்களை ஏற்றிச் சென்ற டைட்டன் 2-க்குத் துடுப்பே கிடையாது. அதன் மாதிரியைப் பறக்கவிட, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் துடுப்பு வெட்டி ஒட்டுகிறார்கள்.

அசலில் இல்லாததைச் சேர்த்துவிட்டு அச்சு அசல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. சாயும் எஞ்சினை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் நகலெடுத்தபோதே அசலை விட்டு விலகியாயிற்று. துடுப்பு அந்தக் குறையை ஈடுசெய்கிறது. எடையை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். நீளம் நூறில் ஒன்றானால் கனஅளவு பத்து லட்சத்தில் ஒன்றாகும். அந்தக் கணக்கில் ஏறக்குறைய 2,900 டன் எடையுள்ள சாட்டர்னின் மாதிரி 2.9 கிலோ இருக்க வேண்டும். அமெரிக்க விதிகள் சாதாரண மாதிரி ராக்கெட்டுக்கு அனுமதிப்பதே 1,500 கிராம்தான். ஆனால் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது: மீறல் தேவைக்கு மேல் போகக் கூடாது. முன்பெல்லாம் ராக்கெட்டின் நிழலுருவை அட்டையில் வெட்டி, கத்தி முனையில் நிறுத்தி அழுத்த மையத்தைக் கண்டார்கள். காற்று முழுக்கப் பக்கவாட்டில் அடிப்பதாக வைத்துக்கொள்ளும் முறை அது. துடுப்பைத் தேவைக்கு மேல் பெரிதாக்கச் சொல்லும். நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் 1966-இல் மாதிரி ராக்கெட்காரர்களுக்குத் தந்த சூத்திரங்கள், சிறிய சாய்வில் அந்த மையம் எங்கே இருக்கும் என்று காட்டின. அளவுமாதிரி கட்டுபவர்களுக்கு அது பெரிய வரம். அசலின் சாயல் கெடாத மிகச் சிறிய துடுப்பு எது என்று காகிதத்திலேயே பார்த்துவிடலாம்.

பெரிய மோட்டார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு வாதம். சி வகை மோட்டாரின் மொத்த உந்தம் 10 நியூட்டன்-வினாடி வரை, டி 20 வரை, இ 40 வரை என்று எழுத்துக்கு எழுத்து இரட்டிக்கிறது. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் மோட்டாரின் கூடுதல் எடை வாலில் உட்கார்ந்து ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அதைச் சமன்செய்ய மூக்குக்குள் களிமண் அடைத்தால் மொத்த எடை ஏறும். ஏவுகம்பியை விட்டு வெளியேறும்போது வேகம் குறையும். வேகம் குறைந்தால் துடுப்பில் காற்றின் பிடி தளரும். துடுப்பை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினாலும் வம்புதான், ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு வயல் தாண்டி ஓடும்.

ஆகவே கணக்கு முடிந்ததும் கயிறு வருகிறது. மோட்டாரைச் செருகி, பாராசூட்டை மடித்து வைத்து, ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டி, தலைக்கு மேலே வட்டமாகச் சுழற்றிப் பார்க்கிறார்கள். மூக்கு முன்னால் போனால் சரி. வால் முந்தினாலோ குறுக்கே திரும்பினாலோ, மூக்கைக் கழற்றி இன்னும் கொஞ்சம் களிமண் வைத்து, நூலை நகர்த்தி மறுபடி கட்ட வேண்டும்.