மேடை ஒளியை ஆளும் மேசை

எமது பிரதேசத்துப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழா அது. தரம் 11 மாணவிகள் ஆறு கிழமையாகப் பழகிய நாடகம் மேடையேறியிருந்தது. யானைக் காவலுக்கு வயலுக்குப் போன வாப்பா திரும்பி வரவில்லை. மகள் அரிக்கன் லாம்பைக் கையில் ஏந்தி வாசலில் நிற்கிறாள். மேடை மெல்ல மெல்ல நீலமாகி இருள வேண்டும். ஆனால், எட்டு விளக்குகளில் நான்குதான் நீலமாயின. மற்ற நான்கும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தம் பாட்டுக்கு மினுங்கத் தொடங்கின. சபையில் சிரிப்பு எழுந்தது. வாடகை விளக்குகளோடு வந்திருந்த தம்பி ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினார். கடைசியில் யாரோ மண்டபத்து டியூப் லைட்டுகளைப் போட்டுவிட்டார்கள். சபையை அழவைக்க வேண்டிய காட்சியை அந்தப் பிள்ளை வெள்ளை வெளிச்சத்தில் நடித்து முடித்தாள். பின்பு திரைக்குப் பின்னால் போய் உண்மையாகவே அழுதாள்.

விழா முடிந்து கதிரைகளை அடுக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. நான்காவது விளக்குக்கும் ஐந்தாவது விளக்குக்கும் இடையில் மைக் வயர் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். அதன் பிளக்கினுள் ஓர் ஈய ஒட்டு விட்டுப் போயிருந்தது. வயரை மாற்ற இரண்டு நிமிடம் போதும். எந்த வயரை மாற்றுவது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் அங்கே இருக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வழி கடினமானதல்ல. எமது மாணவிகள் வகுப்பறையில் படிக்கும் பாடங்களே அதற்குப் போதும். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேசை செய்யும் வேலை

மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மேசையை ‘லைட் போர்ட்’ என்கிறோம். விளக்குக்கு மின்சாரம் இந்த மேசையிலிருந்து போகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. மின்சாரம் வேறு வயரில் போகிறது. மேசை அனுப்புவது கட்டளையை மட்டுமே.

எமது வயற்காணிகளில் வட்டவிதானை செய்யும் வேலையை நினைத்துப் பாருங்கள். அவர் தண்ணீரைச் சுமப்பதில்லை. எந்த வாய்க்காலை எவ்வளவு திறப்பது என்பதைச் சொல்கிறார். லைட் போர்ட்டும் அப்படித்தான். ஒவ்வொரு சனலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை அனுப்புகிறது. 0 என்றால் அணைவு, 255 என்றால் முழு வெளிச்சம், 128 என்றால் ஏறக்குறைய அரைவாசி. ஒரே வயரில் 512 சனல்களுக்குரிய எண்கள் வரிசையாகப் போகின்றன. அந்த முழு வரிசையும் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 44 தடவை திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. இந்த முறைக்கு டீ.எம்.எக்ஸ். 512 என்று பெயர். வயர் முதலாவது விளக்குக்குள் போய், அதிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் என்று சங்கிலியாகத் தொடரும்.

மேசை வந்த கதை

முன்னைய கூத்துக் களரிகளில் தீப்பந்தமும் பின்னர் பெற்றோமக்ஸும் எரிந்தன. அவற்றின் வெளிச்சத்தை இடத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்க இயலாது. 1881இல் லண்டன் சவோய் அரங்கு முழுக்க முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்டது. அதன் பின்பு பல பத்தாண்டுகளாக விளக்குகளை மங்கச் செய்தது பெரிய தடைப் பெட்டிகள்தான். பல ஊழியர்கள் திரைமறைவில் நின்று கைப்பிடிகளை ஒரே நேரத்தில் இழுப்பார்கள். ஒருவர் பிந்தினாலும் காட்சி கெட்டுவிடும்.

இந்த நிலையை நியூயோர்க்கின் பிராட்வே அரங்குகளில் மாற்றியவர் ஒரு பெண். தாரன் மஸ்ஸர் என்ற ஒளி வடிவமைப்பாளர் 1975இல் ‘ஏ கோரஸ் லைன்’ என்ற நாடகத்துக்கு நினைவகம் கொண்ட கணினி மேசையைப் பயன்படுத்தினார். பிராட்வேயில் அதுவே முதல் தடவை. அவ்வேலைக்காக அடுத்த ஆண்டு டோனி விருதும் அவருக்குக் கிடைத்தது. அவருக்கு முன்பே மேடை ஒளியமைப்பைத் தனித் தொழிலாக நிலைநிறுத்தியவர்களுள் ஜீன் ரோசன்தாலும் ஒரு பெண்தான்.

அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு கம்பனியின் மேசை மற்றக் கம்பனியின் கருவிகளோடு பேசாது. அமெரிக்க அரங்கத் தொழினுட்ப நிறுவனம் 1986இல் டீ.எம்.எக்ஸ். 512 என்ற பொது மொழியை உருவாக்கியது. இன்று கல்முனையில் வாடகைக்கு எடுக்கும் விளக்கும் கொழும்பு அரங்கொன்றில் தொங்கும் விளக்கும் அதே மொழியைத்தான் கேட்கின்றன. ஒன்றைப் படித்தால் எங்கும் உதவும்.

முகவரியும் துவித எண்ணும்

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தொடக்க முகவரி வேண்டும். எங்கள் பக்கத்து விழாக்களில் அதிகம் காணப்படும் சிறிய மேசை 192 சனல் கொண்டது. அது 12 விளக்குகளுக்குத் தலா 16 சனல்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே முதல் விளக்கின் முகவரி 1, இரண்டாவதினுடையது 17, மூன்றாவதினுடையது 33, நான்காவதினுடையது 49. இப்படியே 16 ஆகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதை அறியாமல் 1, 2, 3, 4 என்று வைப்பதால்தான் பல இடங்களில் ஒரு விளக்கைத் தொட மற்ற விளக்கு நிறம் மாறுகிறது.

புதிய விளக்குகளில் முகவரியைத் திரையில் பார்த்து அமைக்கலாம். பழையவற்றில் சின்னஞ்சிறு ஆளிகள் பத்து இருக்கும். அவற்றில் முதல் ஒன்பதின் பெறுமதி 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256. முகவரி 49 வேண்டுமா? 32 + 16 + 1. ஆறாவது, ஐந்தாவது, முதலாவது ஆளிகளைப் போட்டால் சரி. ‘இந்தத் துவித எண்ணைப் படித்து என்ன பயன்?’ என்று தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்பில் கேட்கும் மாணவிகளுக்கு ஒரு பதில் இதோ.

முதலில் தாள், பிறகு மேசை

காட்சியைப் பதிவுசெய்யும் வேலை மேசையில் தொடங்குவதில்லை. நாடகப் பிரதியை எடுத்து, ஒளி மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் இலக்கம் இட வேண்டும். அதைத்தான் ‘கியூ’ என்கிறார்கள். மேலே சொன்ன நாடகத்துக்கு இப்படி எழுதலாம்:

கியூ 1: திரை விலகும்போது – விடியல், மெல்லிய மஞ்சள், 8 செக்கன்.
கியூ 2: வாப்பா விடைபெறும்போது – மஞ்சள் பாதியாகக் குறையும், 5 செக்கன்.
கியூ 3: மகள் லாம்பை உயர்த்தும்போது – நீலம், 10 செக்கன்.
கியூ 4: கடைசிச் சொல் முடிந்து மூன்று எண்ணியபின் – முழு இருள்.

பின்பு மேசையில் ‘புரோகிராம்’ பொத்தானைச் சில செக்கன் அழுத்திப் பிடித்துப் பதிவு நிலைக்குப் போக வேண்டும். விளக்கைத் தெரிவுசெய்து, ஃபேடர்களை நகர்த்தி, வேண்டிய நிறத்தையும் அளவையும் அமைக்க வேண்டும். பதிவுப் பொத்தானை அழுத்தி, அதன்பின் காட்சிப் பொத்தானை அழுத்தினால் காட்சி நினைவகத்தில் சேர்ந்துவிடும். கியூ இலக்கமும் காட்சிப் பொத்தானின் இலக்கமும் ஒன்றாக இருப்பது நல்லது. நிறம் மெல்ல மாறும் நேரத்தைச் சில மேசைகள் தொடர்காட்சிகளுக்கு மட்டுமே கணக்கில் எடுக்கும். அத்தகைய மேசையானால் ஃபேடரைக் கையால் நகர்த்திப் பழக வேண்டும். இதை ஒத்திகையிலேயே பார்த்துவிடுங்கள்.

எமது மேடைக்கு இரு சிறப்புக் குறிப்புகள். கசீதா பாடும் மாணவிகள் வெள்ளைச் சீருடையிலும் வெள்ளைப் பர்தாவிலும் நிற்பார்கள். முழு வெள்ளை வெளிச்சத்தில் துணி கண்ணைக் கூசச் செய்யும். கமராவில் முகம் இருண்டுபோகும். வெளிச்சத்தைக் குறைத்து, சற்று மஞ்சள் கலந்து, இரு பக்கமும் சரிவாக விழச் செய்தால் முகம் தெளியும். அடுத்தது, சிவப்பு வெளிச்சத்தில் பச்சை உடை கறுப்பாகத் தெரியும். உடையைத் தெரிவுசெய்யும் ஆசிரியையும் ஒளியமைக்கும் மாணவியும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

கோளாறு கண்டால்

பதற்றத்தில் எல்லா வயரையும் பிடுங்குவதுதான் பெரிய பிழை. பத்து விடயங்களை ஒன்றாக மாற்றினால் எது பிழை என்று ஒருநாளும் தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எந்த விளக்கும் எரியவில்லையானால், முதலில் ‘பிளக் அவுட்’ பொத்தானைப் பாருங்கள். பல சிறிய மேசைகள் மின்சாரம் வந்தவுடன் இருள் நிலையிலேயே தொடங்குகின்றன. மின்வெட்டுக்குப் பின் ‘மேசை பழுதாகிவிட்டது’ என்று பயப்படுவது பெரும்பாலும் இதனால்தான். பதிவுசெய்த காட்சிகள் அழிந்திருக்காது.

ஒரு விளக்கு மட்டும் பேச்சுக் கேட்கவில்லையானால், அதன் முகவரியைப் பாருங்கள். அது தானியங்கு நிலையிலோ இசைக்கு ஆடும் நிலையிலோ இருந்தாலும் மேசையைக் கேட்காது. மினுங்கினால், மினுக்கத்துக்குரிய சனலின் ஃபேடர் பூச்சியத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

சங்கிலியில் ஓரிடத்துக்குப் பிறகு எல்லா விளக்குகளும் குழம்பினால் வயரைச் சந்தேகியுங்கள். எங்கே பிழை என்று தெரியாவிட்டால் சங்கிலியை நடுவில் பிரியுங்கள். எட்டு விளக்கில் நான்காவதோடு நிறுத்திப் பாருங்கள். அந்த நான்கும் சரியானால் பிழை மற்றப் பாதியில். அதையும் இரண்டாகப் பிரியுங்கள். எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று. மூன்றே சோதனையில் பிழையான இடம் கைக்கு வந்துவிடும். வைத்தியர் நோயைத் தேடுவதும் பொறியியலாளர் இயந்திரத்தைப் பார்ப்பதும் இந்த வழியில்தான்.

வாய்க்கால் உவமை ஓரிடத்தில் பொருந்தாது. வாய்க்கால் அடைத்தால் கீழ்வயல்தான் காயும். ஆனால் டீ.எம்.எக்ஸ். சமிக்ஞை வயரின் முடிவில் மோதித் திரும்பி வந்து, மேலே உள்ள விளக்குகளையும் குழப்பக்கூடும். அதனால் கடைசி விளக்கின் வெளிவாயிலில் 120 ஓம் தடையி வைத்த பிளக் ஒன்றைச் செருக வேண்டும். அதன் விலை மிகச் சொற்பம். மைக் வயரின் பிளக் இதே மூன்று முனை கொண்டதாக இருந்தாலும், அந்த வயர் இந்த வேகமான சமிக்ஞைக்காகச் செய்யப்பட்டதல்ல. சில நாள் வேலை செய்யும். விழா அன்று காலை வாரிவிடும்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

எமது மின் வழங்கல் 230 வோல்ற்று. 13 அம்பியர் பிளக் ஒன்று தாங்குவது 2,990 வாற்று. பழைய பார் விளக்குகள் சில ஒவ்வொன்றும் 1,000 வாற்று. மூன்றைப் பூட்டினாலே அந்த எல்லை தாண்டிவிடும். கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நீட்டு வயரில் விளக்குகளைக் குவிக்கக் கூடாது. மின் வயரில் கைவைப்பது தகுதியான மின்வினைஞரின் வேலை. மேலே தொங்கும் விளக்குக்குப் பாதுகாப்புக் கம்பி கட்டாயம். வேகமாக மினுங்கும் ஒளி வலிப்பு நோயுள்ள சிலருக்கு வலிப்பைத் தூண்டும். எனவே அதைத் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் சபைக்கு முன்னறிவிக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

மகள் மேடையேறுவதற்குத் தயங்கும் பெற்றோர் எம்மிடையே உண்டு. மேடை என்றாலே கூச்சப்படும் பிள்ளைகளும் உண்டு. நடிக்க ஆசைப்படும் பிள்ளையை இந்த மேசைக்கு அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நாடகத்தில் நடிப்பவர் ஆறு பேர் என்றால், அதைத் தாங்கி நிற்க இன்னும் ஆறு பேர் வேண்டும். கணக்கும் பௌதிகமும் கலையும் ஒரே இடத்தில் சந்திக்கும் வேலை இது. பொறுமையும் நிதானமும் உள்ள பிள்ளை இதில் சிறப்பாள்.

மேலே படிக்கவும் வழி உண்டு. க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. நாடகமும் அரங்கியலும் படிக்க மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது.

கருவி குறைவு என்று சோரவும் தேவையில்லை. 1959இல் கல்கத்தா மினர்வா அரங்கில் ‘அங்கார்’ என்ற நாடகம் மேடையேறியது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளரை மூழ்கடிக்கும் காட்சியைத் தபஸ் சென் ஒளியினாலேயே காட்டினார். அன்று அவரிடம் இன்றைய கணினி மேசை இருக்கவில்லை. எதைக் காட்ட வேண்டும் என்ற தெளிவு இருந்தது.

அடுத்த விழாவுக்கு விளக்குகளை இறக்கும்போது, இரண்டு மாணவிகள் ஆசிரியையோடு குறிப்புப் புத்தகமும் பேனையுமாகப் பக்கத்தில் நிற்கட்டும். எந்த விளக்குக்கு எந்த முகவரி என்று எழுதட்டும். வயர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கட்டும். ஒத்திகையில் ஒரு தடவையாவது மேசையில் கைவைக்கட்டும். அப்போது லாம்பேந்தி நிற்கும் பிள்ளையின் மேல் நீலம் உரிய நேரத்தில் மெல்ல இறங்கும், இன்ஷா அல்லாஹ்.