உறுதியில் அறுதி, உள்ளே கடன்

ஹந்தானைச் சரிவில் 10 பேர்ச் காணி. அதில் ஒரு சின்ன வீடு. லயத்தை விட்டு வெளியேறிய முதல் தலைமுறை சீட்டுக் கட்டி, நகையை விற்று வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று பணம் தேவைப்படுகிறது. கண்டி டவுனில் வட்டிக்குக் கொடுப்பவர் ஒரே நாளில் தருவதாகச் சொல்கிறார். ஆனால் ஈட்டு உறுதி அவருக்கு வேண்டாம். “அறுதியா எழுதித் தாங்க. காசைக் கட்டினதும் திருப்பி எழுதித் தாறன்.” இலங்கையில் எத்தனையோ வீடுகள் கைநழுவிப் போனது இப்படித்தான்.

நொத்தாரிசு எழுதும் அந்த உறுதியில் கடன் என்ற சொல்லே இராது. விற்பவர், வாங்குபவர், தொகை, நான்கு எல்லைகள், அவ்வளவுதான். முடிவில் நொத்தாரிசின் அத்தாட்சி இருக்கும்: பணம் தன் கண்முன்னே கைமாறியதா, முன்பே பெற்றுக்கொண்டதாக விற்றவர் ஒப்புக்கொண்டாரா என்று. அவசரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த வரியை வாசிப்பதில்லை. பின்னொரு நாள் வழக்கென்று வந்தால் இரு தரப்புச் சட்டத்தரணிகளும் முட்டிமோதுவது அதில்தான்.

இப்படி ஏமாந்தவருக்கு 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் 83 ஆம் பிரிவு சொல்வது இது: காணியை மாற்றிக் கொடுத்தவர் அதன் பயனையும் விட்டுக்கொடுக்கவே எண்ணினார் என்று சூழ்நிலையிலிருந்து நியாயமாகக் கொள்ள முடியாவிட்டால், வாங்கியவர் அதைக் கொடுத்தவருக்காகவே வைத்திருக்கிறார்.

அந்தச் சூழ்நிலையை எப்படிக் கணிப்பது? 1947 இல் எஹியா லெப்பை எதிர் மஜீத் வழக்கில் நீதியரசர் டயஸ் சொன்ன அளவுகோல்கள் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகின்றன. உறுதி முடிந்த பிறகும் விற்றவரே காணியில் இருந்தாரா? உறுதி எழுதும் செலவு முழுவதும் அவர் தலையில் விழுந்ததா? எழுதிய விலை உண்மைப் பெறுமதிக்குக் கிட்டவும் வராததா? ஆகவே சோலைவரிப் பற்றுச்சீட்டு, கரண்ட் பில், வட்டி கட்டிய துண்டு எதையும் எறிந்துவிடாதீர்கள்.

அதே காலத்தில் வள்ளியம்மை ஆச்சி எதிர் அப்துல் மஜீத் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. செட்டியார் ஒருவரின் பெயருக்கு மாற்றப்பட்ட சொத்துகள், வாய்மொழி நம்பிக்கை, அவர் இறந்த பிறகு மறுப்பு. எழுத்தில் இல்லை என்ற சட்டக் குறையை மோசடிக்கு மறைப்பாக்க முடியாது என்று தீர்ப்பானது. ஆனால் “திருப்பி எழுதித் தாறன்” என்ற வாய்ச்சொல் மட்டும் கையில் இருந்தால் காணி மீளாது. 1954 இல் சவரிமுத்து எதிர் தங்கவேலாயுதம் வழக்கில் அதே பிரிவி கவுன்சில் அப்படித்தான் முடிவு செய்தது. எளிய மனிதரின் வீடு இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே நிற்கிறது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இன்னொரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. வங்கி ஏலத்துக்கு வருமுன் வீட்டைப் பிள்ளைகளுக்காக டிரஸ்ட் எழுதிவிட்டால் தப்பலாமா? தப்ப முடியாது. ஈடு முந்தியது, பிறகு எழுதும் எந்த உறுதியும் அதற்குப் பின்னால்தான் நிற்கும். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி வழக்குப் போடாமலே ஏலம் கூறலாம். அந்தப் பராட்டே அதிகாரத்தை 2025 மார்ச் 31 வரை நிறுத்தி வைத்தது பாராளுமன்றம். எந்த டிரஸ்டும் அல்ல. ஈடு வைக்காத சொத்தென்றாலும், கடன்காரரை ஏய்க்கவே கைமாற்றினால் உரோமன் டச்சுச் சட்டப்படி அதை ரத்துச் செய்விக்கலாம். மோசடி நோக்குள்ள டிரஸ்ட் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி செல்லாது. குடும்பச் சொத்தை விற்கவும் ஈடு வைக்கவும் முடியாமல் தலைமுறைகளுக்குக் கட்டிவைத்த பழைய பிடெயிகொமிசம் முறையையும் 1972 இல் ஒழித்துவிட்டார்கள். இப்படிக் குறுக்கு வழிகள் அடைபட்டது சரியென்றே நான் நினைக்கிறேன். கடன் எதுவும் கழுத்தை நெரிக்காத காலத்தில், இயலாத பிள்ளைக்காக ஒருவர் நேர்மையாய் எழுதும் டிரஸ்டுக்கு இதனால் பங்கமில்லை.

அறுதி எழுதிக் கொடுத்தவர் தாமதிப்பதுதான் ஆபத்து. வாங்கியவர் காணியை விவரம் அறியாத மூன்றாமவருக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டால் 83 ஆம் பிரிவும் கைகொடுக்காமல் போகலாம். அதனால் வழக்குத் தாக்கலானதும் அதைக் கண்டி காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். உறுதியிலேயே மீட்கும் தவணை எழுதியிருந்தால் 1941 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த கடன் இணக்கச் சபைக்கும் போகலாம். அந்த மனு தவணை முடியுமுன் போய்ச் சேர வேண்டும்.