கோழிக்குஞ்சு வாங்கப் போகிறீர்களா?



எங்கள் செவ்வாப்பேட்டைப் பக்கம் கொல்லையில் ஒரு முருங்கை மரமும் கொஞ்சம் மண் தரையும் உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. வீட்டு ஆண்கள் ஆவடி, அம்பத்தூர் என்று ரயிலேறிப் போன பிறகு, 'நாலு கோழி வளர்த்தால் முட்டைக் காசாவது நம் கையில் புரளுமே' என்று நினைக்காத பெண்கள் குறைவு. பல வருஷமாகக் கோழி வளர்க்கிறவள் என்பதால் குஞ்சு வாங்கும்போதே என்னிடம் யோசனை கேட்பார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெருவில் சிவப்பு, பச்சை என்று சாயம் பூசி விற்கிறார்களே, அந்தக் குஞ்சுகள் வேண்டவே வேண்டாம். முட்டைப் பண்ணைக்குப் பெட்டைதான் தேவை. பொரித்த அன்றே பிரித்துக் கழித்துவிடும் சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் இப்படி விலைக்கு வருகின்றன. அது வளர்ந்தாலும் கூவுமே தவிர முட்டை போடாது!

நாட்டுக்குஞ்சு பத்து வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவல். ஒன்றிரண்டு தவறினால் மிஞ்சுவது நாலு பெட்டை. நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டைதான் இடும். அதாவது வீட்டுக்கு மாசம் இருபது முட்டை. கூடுதல் முட்டை வேண்டுமென்றால் வனராஜா, நந்தனம் போன்ற வகைகளைத் தேடுங்கள். வருஷத்துக்கு நூறு முட்டைக்கு மேல் கிடைக்கும். எங்களுக்குப் பக்கத்திலேயே திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. குஞ்சு எங்கே கிடைக்கும் என்று அங்கேயோ கால்நடை மருந்தகத்திலேயோ விசாரிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குஞ்சு இறக்காதீர்கள். தை மாசம் நல்லது. ஆடி வாக்கில் முட்டை பார்க்கலாம்.

கடையில் வாங்கிய குஞ்சுக்குத் தாய்ச்சூடு கிடையாது. பெரிய அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே செய்தித்தாள் விரித்து, 40 வாட் குண்டு பல்பைப் பாதுகாப்பாக உயரத்தில் தொங்க விடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரம் ஐந்து டிகிரியாகக் குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரி. ராத்திரி கரண்ட் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைப்பேன். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து நனைந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் தெருவில் ஒரு அம்மா மகளிர் குழுக் கடனில் வாங்கிய இருபத்திரண்டு கோழிகளும் மூன்றே நாளில் போயின. வெள்ளைக்கழிச்சல்! கோழிகள் போனாலும் தவணை நிற்கவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நோய் வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பு மட்டுமே. ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் போடுவது வழக்கம். உங்கள் ஊரில் என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கானது. கலக்கினால் சில மணி நேரம்தான் தாங்கும். ஆகவே அக்கம்பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக் கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால் நம் வீட்டுக்கு வர எத்தனை நேரம்?

தமிழக அரசு 2018-19ல் ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு ஐம்பது நாட்டுக்குஞ்சு இலவசமாகத் தரும் திட்டம் கொண்டு வந்தபோது, இரவுக் கூண்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கியது. நியாயம்தான். பகலில் காக்கை, பூனை, கீரி; இரவில் பெருச்சாளி. கூண்டைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, கம்பிவலை நெருக்கமாக அடியுங்கள்.

ஐந்தாறு மாசத்தில் கொண்டை சிவந்து, பெட்டை மூலை தேடிச் சுற்றும். பழைய கூடையில் வைக்கோல் போட்டு வையுங்கள். முதல் முட்டைகள் சின்னதாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஓடு மெலிதாக இருந்தால் கிளிஞ்சலை நொறுக்கித் தீவனத்தோடு வையுங்கள்.

இந்தக் கீரி மட்டும் கூண்டுக்கு அடியில் மண்ணைப் பறித்து வந்துவிடுகிறது. அதற்கு வழி தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, செவ்வாப்பேட்டை