ஒரு கொலை, இரண்டு மேடைப்பேச்சு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பள்ளி இறுதித் தேர்வுக்கு எச்.எஸ்.சி. என்று பெயர். அதில் உயர்நிலை ஆங்கிலம் படித்தவர்களுக்கு 2009 முதல் 2014 வரை 'முரண்படும் பார்வைகள்' என்றொரு விருப்பப் பகுதி இருந்தது. பாடமாக வைத்த நூல் ஒன்றையும் மாணவரே தேடிக்கொண்ட வேறொரு படைப்பையும் சேர்த்து, சுமார் 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்', டெட் ஹியூஸின் 'பர்த்டே லெட்டர்ஸ்' ஆகியவை பாடப் பட்டியலில் இருந்தன. பாடத்திட்டம் பிறகு மாறிவிட்டது. ஆனால் அது எழுப்பிய கேள்வி இலக்கியம் படிக்கும் எவருக்கும் உதவும்: ஒரே நிகழ்ச்சியை இருவர் இரு விதமாகச் சொல்லும்போது, எழுத்தாளர் ஒவ்வொரு தரப்பையும் எதைக் கொண்டு நம்பவைக்கிறார்?

இந்தத் தலைப்பில் எழுதுபவர்கள் எளிதில் வழிதவறுவது, சீசரைக் கொன்றது சரியா தவறா என்று தாங்களே வழக்காடத் தொடங்கும்போது. தீர்ப்புச் சொல்வது அல்ல கட்டுரையின் வேலை. பார்வை எப்படிக் கட்டப்படுகிறது என்று காட்டுவதே வேலை.

1599 வாக்கில் எழுதப்பட்ட 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் மூன்றாம் அங்கம் இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக்களம். சீசரின் சாவுக்குப் பின், கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் மக்கள் முன் பேசுகிறான். அவன் பேச்சு உரைநடையில் இருக்கிறது. எதிரும் புதிருமாக நிறுத்திய சமநிலையான வாக்கியங்கள், தன் நேர்மையின்மேல் வைத்த நம்பிக்கை. பேசி முடித்ததும் அடுத்த பேச்சைக் கேளுங்கள் என்று கூட்டத்தை இருக்கச் சொல்லிவிட்டுத் தனியே போய்விடுகிறான். நியாயத்தைச் சொன்னால் போதும் என்று நம்பும் மனிதன் இப்படித்தான் நடந்துகொள்வான்.

அடுத்து வரும் சீசரின் நண்பன் அந்தோணி செய்யுளில் பேசுகிறான். கொலைகாரர்களைக் கண்ணியவான்கள் என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லை வசையாக்குகிறான். நடுவில் பேச்சை நிறுத்தி அழுகிறான். சீசரின் உயிலைக் காட்டிவிட்டு, படிக்கமாட்டேன் என்று கூட்டத்தையே கெஞ்சவைக்கிறான். பிறகு மேடையிலிருந்து இறங்கி, சடலத்தைச் சுற்றி மக்களை நிற்கவைத்து, அங்கியின் கிழிசல்கள் யார் யார் குத்தியவை என்று பெயர் சொல்லிக் காட்டுகிறான். கொலை நடந்தபோது அவன் அங்கே இல்லை; சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் முன்பே அவனை அப்புறப்படுத்தியிருந்தான். எந்தக் கிழிசல் யாருடையது என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. இந்த ஒரு நுணுக்கத்தைக் கண்டுபிடித்து எழுதுகிற கட்டுரை, அந்தோணி உணர்ச்சியைத் தூண்டினான் என்று பத்து வரி பொதுவாக எழுதுவதைவிடப் பல மடங்கு உயர்ந்தது.

ஷேக்ஸ்பியரும் ஒதுங்கி நிற்பவர் அல்ல. கதையை அவர் புளூட்டார்க்கின் வரலாற்று நூலிலிருந்து, 1579இல் வெளியான தாமஸ் நார்த்தின் மொழிபெயர்ப்பு வழியாக எடுத்தார். ஆனால் எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்று முடிவு செய்தவர் அவர்தான். மக்களுக்குத் தலைக்கு 75 திராக்மா உண்டு என்று உயிலைப் படித்த அதே அந்தோணி, நான்காம் அங்கத்தின் தொடக்கத்தில் அந்தக் கொடைகளைக் குறைக்க வழி பார்க்கிறான். புரூட்டஸோ, கொலைக்கு முன் தனியே யோசிக்கையில், சீசர் இதுவரை தவறேதும் செய்யவில்லை, இனி செய்யக்கூடும் என்பதே தன் காரணம் என்று ஒப்புக்கொள்கிறான். இரு தரப்பின் ஓட்டையையும் பார்வையாளர்களுக்குத் திறந்துகாட்டுவது நாடகாசிரியரின் சொந்தப் பார்வை. மூன்றாவதான இந்தப் பார்வையை விட்டுவிட்டால் கட்டுரை பாதியிலேயே நின்றுவிடும்.

ஹியூஸின் 'பர்த்டே லெட்டர்ஸ்' நூலில் சிக்கல் இன்னும் கூர்மையானது. 1963இல் இறந்த மனைவி சில்வியா பிளாத்தைப் பெரும்பாலும் 'நீ' என்று விளித்து எழுதிய 88 கவிதைகள் 1998இல் வெளிவந்தன. பதில் சொல்ல பிளாத் இல்லை; அவர் கவிதைகள் மட்டும் இருக்கின்றன. 'முயல் பிடிப்பவன்' என்று பொருள்படும் ஒரே தலைப்பில் இருவருமே எழுதியிருக்கிறார்கள். பிளாத்துக்கு முயலுக்கு வைத்த கண்ணிகள் மண உறவின் இறுக்கம். ஹியூஸுக்கு அவை ஏழைக் கிராமத்தானின் சோறு. பிளாத் தாம் தொகுத்து வைத்த 'ஏரியல்' கவிதைத் தொகுப்பின் கைப்பிரதியில் தம் கவிதையைச் சேர்த்திருந்தார். 1965இல் நூலைப் பதிப்பித்த ஹியூஸ் அதை நீக்கினார்; 2004இல் வந்த மீட்புப் பதிப்பில்தான் அது தன் இடத்துக்குத் திரும்பியது. எதைச் சொல்வது என்பதோடு எதை விடுவது என்பதும் பார்வையின் பகுதி என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

கட்டுரையின் அமைப்பு இதிலிருந்தே பிறக்கவேண்டும். முதல் பத்தியில் கேள்விக்கு நேரான வாதம் ஒன்று. அடுத்த பத்திகளை நூல் வாரியாகப் பிரிக்காமல் கருத்து வாரியாகப் பிரித்தால், இரு படைப்புகளும் ஒன்றோடொன்று பேசும். கதைச்சுருக்கம் தேவையில்லை. மேற்கோள் சில சொற்களுக்குள் இருக்கட்டும். அதையடுத்து அந்தச் சொல் கேட்பவரிடம் என்ன செய்கிறது என்ற விளக்கம் வரவேண்டும். தேடிக்கொள்ளும் இரண்டாவது படைப்பு பாடநூல் சொன்னதையே திருப்பிச் சொல்லாமல், வேறு வடிவத்திலிருந்து வந்தால் நல்லது. மேடைப்பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு திரைப்படத்தையோ செய்திப் புகைப்படத்தையோ வைத்தால், சொல்லால் செய்ததைக் கேமரா எந்தக் கோணத்தால் செய்கிறது என்று ஒப்பிட்டு எழுத இடம் கிடைக்கும்.